பொதட்டூர்பேட்டையிலிருந்து மாயன் கோயிலுக்கு... 365 படிகளும் ஒரே ஒரு பகலும்!

பொதட்டூர்பேட்டையில் கரன்ட் போனால்தான் நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடியும். அதுவரை 'தடக் தடக்' என்று ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் சட்டென நின்றுபோகும். தெரு முழுக்கத் திண்ணைக்கு வரும். அப்படி ஒரு சாயங்கால இருட்டில்தான், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கையில் செல்போனுடன் அடுத்த தெருவிலிருக்கும் நெசவாளர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, டல்லாஸ்லேருந்து பையன் லிஸ்ட் அனுப்பியிருக்கான். ஜனவரியில கப்பல் டூர். நாலு ஊர்ல நிக்குமாம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மாயன் கோயில் இருக்கு. எல்லாத்தையும் பாத்துடலாம்னு இருக்கேன். நீங்க போய்ட்டு வந்தவராச்சே, சொல்லுங்க."

"எத்தனை கோயில் சார்?"

"நாலு."

"உள்ளேருந்து அக்காவைக் கூப்பிடுறேன். பதில் அவங்ககிட்டதான் இருக்கு" என்று சிரித்தார் நெசவாளர்.

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் நெசவு ஊர் இது. ஒரு காலத்தில் எல்லாமே குழித்தறி. இன்று பெரும்பாலும் விசைத்தறி. பிள்ளைகள் படித்து சென்னை, பெங்களூரு என்று போனார்கள். அப்புறம் அமெரிக்கா. இப்போது அவர்கள் பெற்றோரை ஆறு மாத விசாவில் அழைக்கிறார்கள். நயாகரா, நியூயார்க் எல்லாம் பழைய கதை. டெக்சாஸில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கால்வெஸ்டன் துறைமுகம். ஹூஸ்டனிலிருந்து காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே கப்பல் ஏறினால் ஐந்து நாளிலோ ஏழு நாளிலோ மெக்சிகோவின் யுகடான் கடற்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். அந்தக் கரையில்தான் மாயன் நாகரிகத்தின் கோயில்கள் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன.

சிக்கல் என்னவென்றால், கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது எட்டு, ஒன்பது மணி நேரம்தான். பார்க்கவேண்டிய இடங்களோ மூன்று, நான்கு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தத் தேர்வில்தான் பொதட்டூர்பேட்டைக் குடும்பம் ஒன்று கப்பலுக்குள்ளேயே இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

விட்டுப்போன டிசம்பர் 31

கதை கப்பலில் தொடங்கவில்லை, திருத்தணியில் தொடங்குகிறது.

தணிகை மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாள்களுக்கு ஒன்று. ஒவ்வொரு டிசம்பர் 31-ம் தேதியும் அங்கே திருப்புகழ் படித் திருவிழா நடக்கும். பஜனைக் குழுக்கள் படிக்குப் படி நின்று, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடியே மேலே போவார்கள். நள்ளிரவில் முருகனைப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கும். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைமார்களைப் பார்க்கப் பழத்தட்டோடு போன காலத்தில், 'துரைகளுக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறானே' என்று ஜனங்களைத் தணிகைக்குத் திருப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

நெசவாளர் முப்பது வருஷமாக அந்த இரவைத் தவறவிட்டதில்லை. கடைசி மூன்று வருஷம் முழங்கால் தேய்மானத்தோடுதான் ஏறினார். "இனிமே படி ஏறக்கூடாது" என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு வருஷம் ஏறினார். அதற்கடுத்த டிசம்பரில் அவர் ஹூஸ்டனில் இருந்தார். மகன் டிக்கெட் போட்ட தேதி அப்படி அமைந்துவிட்டது. பக்கத்தில் பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு அழைத்துப்போனான். போனார், கும்பிட்டார். ஆனால், மனசில் ஒரு பாக்கி நின்றுகொண்டே இருந்தது.

ஏப்ரலில் கப்பல் பயணம் என்று மகன் சொன்னபோது, யூடியூபில் சிச்சென் இட்சாவைப் பற்றிய வீடியோ ஒன்றைக் காட்டினான். குகுல்கான் என்ற இறகுப் பாம்புக் கடவுளின் பிரமிடு. நான்கு பக்கமும் படிக்கட்டு, பக்கத்துக்கு 91 படிகள். நாலு 91, 364. உச்சியில் இருக்கும் கோயில் மேடையையும் சேர்த்தால் 365.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வருஷத்துக்கு ஒரு படி. நம்ம தணிகை மாதிரியே!"

"மாயன்னா நம்ம மயன்தான்பா. அசுரத் தச்சன். இங்கேருந்து போனவங்க" என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னார். இதை நம்புகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. பெயர் ஒத்துப்போவதைத் தாண்டி அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வருஷத்துக்கு 365 நாள் என்று கண்டுபிடித்த எந்த மக்களுக்கும், கோயில் கட்டும்போது அந்த எண்ணைப் படியில் வைக்கத் தோன்றலாம். உறவு கொண்டாட அதுவே போதும்.

மகன் முழு விஷயத்தையும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா வரமாட்டாரோ என்ற பயம். கப்பல் கிளம்பிய முதல் நாள் இரவு, சாப்பாட்டு மேஜையில்தான் விஷயம் உடைந்தது. 2006-ல் பெண் ஒருவர் தவறி விழுந்து இறந்த பிறகு, அந்தப் பிரமிடில் யாரும் ஏறக்கூடாது என்று தடை வந்துவிட்டது. கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

"ஏற முடியாத படியைப் பாக்கறதுக்கா கூட்டிட்டு வந்தே?" என்று எழுந்துபோய்விட்டார் பெரியவர்.

கப்பல் கடிகாரமும் செல்போன் கடிகாரமும்

அவர்கள் போனது ஐந்து நாள் பயணம். திங்கட்கிழமை கால்வெஸ்டனில் கிளம்பி, செவ்வாய் முழுக்கக் கடல். புதன் கோசுமெல் தீவு, வியாழன் ப்ரோக்ரெசோ, வெள்ளி கடல், சனி காலை வீடு.

இரண்டு துறைமுகத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தது மருமகள்தான். கப்பலின் சுற்றுலா கவுன்டரில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்.

சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்துத் துறைமுகம் ப்ரோக்ரெசோ. பக்கத்து என்றால் சுமார் 155 கிலோமீட்டர். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கப்பல் நிற்பது காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. ஐந்து மணி என்றால் நாலரைக்கே உள்ளே இருக்க வேண்டும். கப்பலிலிருந்து வரிசையில் நின்று இறங்க அரை மணி நேரம். ப்ரோக்ரெசோவில் கடல் ஆழமே கிடையாது, அதனால் பாலம் போல் ஆறரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கட்டப்பட்ட தளத்தின் நுனியில்தான் கப்பல் நிற்கும். கரைக்கு வரவே பஸ் வேண்டும். சாப்பாடு, கழிப்பறை எல்லாம் கழித்தால், கோயிலில் நிற்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். அதுவும் ஏப்ரல் வெயிலில். யுகடானில் ஏப்ரலும் மே மாதமும் நம் சித்திரை வைகாசி மாதிரியேதான் காயும்.

அதே துறைமுகத்திலிருந்து இன்னொரு பக்கம் போனால் உஷ்மல். சிச்சென் இட்சாவைவிடத் தூரமும் கூட்டமும் குறைவு. 'மந்திரவாதியின் பிரமிடு' என்று வளைந்த மூலைகளோடு உயர்ந்து நிற்கும் கோயில், சுவர் முழுக்க நீண்ட மூக்குள்ள மழைத் தெய்வம் சாக்கின் முகங்கள். சிற்ப வேலைப்பாடு பார்க்க வேண்டும் என்கிறவர்கள் உஷ்மலுக்குத்தான் போகவேண்டும். பெயர்ப் பிரபலம் சிச்சென் இட்சாவுக்கு. 2007-ல் புதிய ஏழு அதிசயப் பட்டியலில் தாஜ்மகாலோடு சேர்ந்து இடம்பிடித்தது அது.

கோசுமெலிலிருந்து எல்லோரும் போக ஆசைப்படுவது துலும். கடலோரப் பாறைமேல் நிற்கும் கோயில், கீழே நீலக் கடல், போட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால், கோசுமெல் ஒரு தீவு. மீண்டும் படகு ஏறி முக்கால் மணி நேரம் கடலைக் கடந்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் பஸ். திரும்பவும் அதே வழி. அலையில் அந்தப் படகு ஆடும் ஆட்டத்தில், பெரிய கப்பலில் வராத வாந்தி இதில் வந்துவிடும் என்று கவுன்டரிலேயே சொல்லிவிட்டார்கள்.

"நான் எங்கேயும் நாலு மணி நேரம் பஸ்ல உட்கார மாட்டேன். சுகர் மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒருதரம் இறங்கணும்" என்று முடித்துவிட்டார் அம்மா. மூன்று வயதுப் பேத்தியும் கூட இருந்தாள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாநிலங்கள், ஆனால் நேரம் வேறு. கோசுமெல் இருக்கும் குயின்டானா ரூ மாநிலத்துக்கும் ப்ரோக்ரெசோ இருக்கும் யுகடான் மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு மாநில எல்லை புதிதில்லை. நாலு கிராமம் தாண்டினால் ஆந்திரா. இந்த ஊரே சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960-ல்தான் திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால், எல்லையின் இரண்டு பக்கமும் கடிகாரம் ஒன்றுதான். அங்கே அப்படியில்லை. டெக்சாஸில் மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். மெக்சிகோவின் பெரும்பகுதியில் அந்த வழக்கத்தை 2022-ல் ஒழித்துவிட்டார்கள். அதனால் ஏப்ரலில், கப்பல் ஹூஸ்டன் நேரத்திலேயே ஓடினால், ப்ரோக்ரெசோவில் இறங்கியதும் செல்போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். செல்போனில் மூன்றரை என்று காட்டும்போது கப்பலில் நாலரை. இன்னும் நேரம் இருக்கிறது என்று கடையில் நின்றுகொண்டிருப்பீர்கள், கப்பல் ஏணியைத் தூக்கிக்கொண்டிருக்கும்.

பெரியவர் கையில் பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்திலேயே நம்பகமான கடிகாரம் அதுதான்.

தறி நெய்யும் சாமி

புதன்கிழமை கோசுமெலில் அம்மா சொன்னதுதான் நடந்தது. தீவை விட்டு எங்கும் போவதில்லை. தீவுக்குள்ளேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ என்ற சிறிய இடிபாட்டுக்கு டாக்சி. அரை மணி நேரத்துக்குள் போய்விட்டார்கள். பெரியவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

பெரிய பிரமிடு எதுவும் இல்லை. காட்டுக்குள் தட்டையான பாதை, இருபுறமும் மரநிழல், அங்கங்கே முட்டி உயர மேடைகள், கூரையில்லாத கல் அறைகள். கல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இகுவானாக்கள். பேத்திக்கு அதுவே போதுமாக இருந்தது, 'பெரிய ஓணான், பெரிய ஓணான்' என்று ஓடினாள். கொசு மட்டும் அதிகம். நம்மூர்க் கொசுவுக்குச் சித்தப்பா.

இந்தச் சின்ன இடத்துக்குத்தான் ஒரு காலத்தில் பெரும் யாத்திரை நடந்தது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் தலம் இது. பிரசவத்துக்கும், மருத்துவத்துக்கும், நிலாவுக்கும் உரிய சாமி. பெரு நிலத்திலிருந்து மாயன் பெண்கள் மரத்தோணியில் கடல் கடந்து வந்து, வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பாவிய பாதையில் நடந்து, ஒரு கல் வளைவுக்குள் நுழைந்து, காணிக்கை வைத்துவிட்டுப் போவார்களாம். 1519-ல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் இந்தத் தீவில்தான் முதலில் இறங்கினார். சாமி சிலைகளை உடைத்தார்.

பாதை இன்னும் இருக்கிறது. வளைவும் இருக்கிறது. ஒரு சிறிய அறையின் சுவரில் மங்கிய சிவப்பில் கைத்தடங்கள். 'சின்னக் கைகள்' என்றுதான் அந்தக் கட்டடத்துக்கே ஸ்பானிய மொழியில் பெயர். அம்மா அதன் எதிரில் வெகுநேரம் நின்றார். "நல்ல காரியத்துக்கு நாம மஞ்சள் கை பதிப்போமே, அப்படியே இருக்கு."

வழிகாட்டி ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட படத்தைக் காட்டினார். பழைய மாயன் சுவடியில் உள்ள ஓவியம். தலையில் பாம்பைச் சுற்றிக்கொண்டு, குடத்திலிருந்து தண்ணீரைக் கவிழ்க்கும் கிழவி. "கங்கையம்மா!" என்றார் அம்மா. அடுத்த படம், களிமண் பொம்மை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு கம்பம். கம்பத்துக்கும் அவள் இடுப்புக்கும் நடுவே நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

அதுவரை பேசாமல் இருந்த பெரியவர் படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது தறி."

ஆமாம், தறிதான். நெசவும் இஷ்செலின் வேலைதான் என்றார் வழிகாட்டி. இடுப்பில் பட்டையைக் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும். முன்னால் குனிந்தால் தளரும். குழியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், நெய்கிறவளின் உடம்பேதான் தறிமரம். யுகடானுக்குத் தெற்கே குவாத்தமாலா மலைகளில் மாயன் பெண்கள் இன்றும் இப்படித்தான் நெய்கிறார்கள். ஊடு நூலை எப்படி விடுவார்கள், நாடா இருக்கிறதா, அகலம் எவ்வளவு வரும் என்று மகனை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார் பெரியவர். வழிகாட்டிக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை.

நூலும் ஒன்றுதான் என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். யுகடான் பக்கத்தில் காட்டுச் செடியாக வளர்ந்து, அந்த மக்கள் பயிராக்கிய பருத்தி இனம்தான் கோசிப்பியம் ஹிர்சூட்டம். நூறு வருஷத்துக்கு முன்னால் 'கம்போடியா பருத்தி' என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதே இனம். இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி அதுதான். பொதட்டூர்பேட்டைத் தறிகளில் ஓடும் பருத்தி நூலுக்குப் பூர்வீகம் தேடினால் இந்தக் கரைக்குத்தான் வந்து நிற்க வேண்டும். மிளகாயும் தக்காளியும் பப்பாளியும் அந்தப் பக்கத்துச் சரக்குகள்தான் என்பது தனிக் கதை.

மதியம் ஒரு மணிக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். யாருக்கும் கால் வலிக்கவில்லை. இரவு சாப்பாட்டு மேஜையில் பெரியவர் மறுபடி பேச ஆரம்பித்தார். "நாளைக்கு நான் அந்தப் படியைப் பாக்கறேன். ஏற வேணாம். பாக்கறேன். நீ மட்டும் என்கூட வா. பொம்பளைங்க வரவேணாம்."

கீழே நின்று எண்ணியவர்

வியாழக்கிழமை குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மாவும் மருமகளும் பேத்தியும் ப்ரோக்ரெசோ கடற்கரையிலேயே தங்கிவிட்டார்கள். அப்பாவும் மகனும் கப்பல் நிறுவனமே நடத்தும் பஸ்ஸில் ஏறினார்கள். தலைக்கு நூறு டாலருக்கு மேல். வெளியே தனியார் வேன் அதைவிட மலிவு. ஆனால், மகன் இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தான். கப்பல் நிறுவனத்தின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நாமே பிடித்த வேன் தாமதமானால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். பிறகு நம் செலவில், நம் விசாவை வைத்துக்கொண்டு, நாமே அமெரிக்கா திரும்ப வழி தேட வேண்டும். விசா என்றதும் ஒரு விஷயம்: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. ஆனால், அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று கப்பல் டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். மற்ற நாட்டுத் துறைமுகங்களுக்கு ஒவ்வொன்றின் விதியும் தனி.

இரண்டு மணி நேரப் பயணத்தில் வழிகாட்டி மாயன் எண்களைச் சொல்லிக்கொடுத்தார். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம். அவர் வீட்டில் பேசுவது மாயன் மொழி. யுகடான் தீபகற்பத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல் இன்றும் அதைப் பேசுகிறார்கள். 'மறைந்துபோன மாயன்கள்' என்று தலைப்பு வைக்கும் பத்திரிகைகளும் சேனல்களும் (தமிழிலும் நிறைய உண்டு) அந்தப் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

உள்ளே நுழையும் பாதையின் இருபுறமும் கடைகள். மரப் பொம்மை, போர்வை, சிறுத்தை போல உறுமும் ஊதல். தணிகை அடிவாரத்துக் கடைகளைத் தாண்டுவது போல் தாண்டியதும், திறந்த வெளியில் திடீரென்று எதிரே நிற்கிறது பிரமிடு. ஒன்பது அடுக்கு. உச்சிக் கோயிலோடு சேர்த்து 30 மீட்டர் உயரம். வடக்குப் படிக்கட்டின் அடியில் வாய் பிளந்த இரண்டு பாம்புத் தலைகள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாள்களில், சாயங்கால வெயில் அந்தப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோண முக்கோணமாக விழுந்து, பாம்பு ஒன்று மேலிருந்து இறங்குவது போலத் தெரியும். அவர்கள் போனது அந்த நாளில் இல்லை.

வழிகாட்டி படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டினார். 'ச்சியூ' என்று பறவை கூவியது போல் எதிரொலி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குழு, பந்தாட்ட மைதானத்தைப் பார்க்கக் கிளம்பியது. 168 மீட்டர் நீளம். மாயன் நாட்டிலேயே பெரியது.

பெரியவர் போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நின்று, ஆள்காட்டி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு... ரெண்டு... உதடு அசைவதைப் பார்த்து மகன் புரிந்துகொண்டான், எண்ணிக்கைக்கு நடுவே திருப்புகழ் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கில் 91. அங்கிருந்து மேற்குப் பக்கம். அங்கேயும் 91. தெற்கும் கிழக்கும் முழுதாகச் சீரமைக்கப்படாத பக்கங்கள். படிகள் தேய்ந்தும் சரிந்தும் கிடக்கின்றன, எண்ண முடியாது.

"அழிஞ்சுபோன பக்கத்துக்கும் தொண்ணூத்தொண்ணுன்னு வெச்சுக்கிட்டேன் சார். இல்லாத படின்னு ஆயிடுமா?" என்றார் திண்ணையில்.

நாலு பக்கமும் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. பந்தாட்ட மைதானம், புனிதக் கிணறு, ஆயிரம் தூண் மண்டபம் எதையும் அவர் பார்க்கவில்லை. மகனும் பார்க்கவில்லை. 364 வந்தது. 365-வது, மேலே கோயில் வாசல். அதற்குக் கயிறு.

"ஒண்ணு பாக்கி" என்றபடி பஸ்ஸுக்கு நடந்தார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏதோ சோதனை, பஸ் நாற்பது நிமிஷம் நின்றது. செல்போனைப் பார்த்துவிட்டுப் பலரும் கவலைப்படாமல் இருந்தார்கள். வாட்ச்சைப் பார்த்த பெரியவருக்கு மட்டும் வியர்த்தது. தளத்தின் நுனிக்கு வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். கப்பல் இவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேத்தியோடு நின்ற அம்மா, அவர் ஏறி வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "மாத்திரை போட்டீங்களா?"

ஜூனில் ஊர் திரும்பினார்கள். அந்த வாரமே ஆட்டோ வைத்துக்கொண்டு திருத்தணி அடிவாரத்துக்குப் போனார் பெரியவர். வண்டிகள் மலைமேல் போகும் பாதையில் போகவில்லை. படிக்கட்டின் முதல் படியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரே ஒரு படியில் ஏறி இறங்கினார். பாக்கி தீர்ந்தது என்பது அவர் கணக்கு. தணிகைப் படியும் குகுல்கான் படியும் ஒரே கணக்கில் எப்படி வரும் என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வாத்தியார் லிஸ்ட்

வாத்தியாரின் கப்பல் ஏழு நாள். ரோட்டான் தீவு, பெலிஸ், கோஸ்டா மாயா, கோசுமெல். ரோட்டானில் பெரிய மாயன் கோயில் கிடையாது, மகன் அனுப்பியதில் அது கடற்கரைப் பூங்கா. அதை முதலில் அடித்தார்கள். மிச்சம் மூன்று.

பெலிஸில் கப்பல் கரைக்கே வராது. நடுக்கடலில் நிறுத்தி, சின்னப் படகில்தான் இறக்குவார்கள். அதிலேயே போகவர ஒரு மணி நேரம் தின்றுவிடும். அங்கே மூன்று தேர்வு. அல்துன் ஹா, ஒரு மணி நேரப் பயணம். மேலே ஏறலாம். 1968-ல் அங்கே ஒரு கல்லறையில் நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள பச்சை மணிக்கல் தலை கிடைத்தது. சூரியக் கடவுளின் முகம் என்கிறார்கள். ஷுனான்துனிச், இரண்டு மணி நேரம். உயரம் அதிகம், ஏறினால் குவாத்தமாலா எல்லை வரை தெரியும். லமனாய், பஸ்ஸும் படகுமாகக் காட்டு ஆற்றில் போக வேண்டும். போகிற வழிதான் அதில் அழகு. நேரம் மிகவும் இழுக்கும்.

"லமனாய்தான்" என்றார் வாத்தியார் உடனே. "முதலைன்னு அர்த்தமாம் அந்தப் பேருக்கு. ஆத்துல படகுல போறது..."

"அக்காவுக்கு ஸ்டென்ட் வெச்சு எவ்வளவு மாசம் ஆச்சு?" என்று உள்ளேயிருந்து வந்த அம்மா கேட்டார்.

வாத்தியார் பதில் சொல்லவில்லை.

"அக்காவைக் கேட்டீங்களா, எது வேணும்னு?"

"அவளுக்கென்ன தெரியும், நான் சொல்றதுதான்..."

"இவரும் அப்படித்தான் சொன்னாரு. ரெண்டு நாள் சோறு இறங்கலை."

நெசவாளர் தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். கோஸ்டா மாயாவில் சாக்சோபென் என்று போட்டிருந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், காட்டு நிழலில் இருக்கும் கோயில்கள், நடை குறைவு. அதன் பக்கத்தில் ஒரு டிக். பெலிஸில் அல்துன் ஹாவுக்குப் பாதி டிக் போட்டுவிட்டு, "இதுக்கு நீங்க மட்டும் போங்க. அக்கா கப்பல்ல படுத்திருக்கட்டும். ஜனவரியில இந்த ரெண்டு ஊருக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், வாட்ச் கட்டிக்கிட்டுப் போங்க" என்றார். கோசுமெலுக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல பையன் துலும்னு போட்டிருக்கான். அந்தத் தறி படம் இருக்கற எடத்துக்குப் போங்க சார். சின்னதுதான். அந்த இடுப்புத் தறியில ஊடு நூலை எதுல சுத்தி விடறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. எனக்குச் சொன்ன ஆளுக்குத் தெரியலை."

வாத்தியார் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "ஏம்மா, உனக்குக் கப்பல்ல எங்க இறங்கணும்?" என்று அவர் கேட்டதும் கரன்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று திண்ணையில் யாருக்கும் கேட்கவில்லை. வாத்தியார் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "என்ன? இன்னொருதரம் சொல்லு!" என்று கத்தியபடி தெருமுனைக்கு நடந்தார்.